என் முழிவியளமும் எங்கள் ரீமும்

நான் எங்கள் ஊர் பேஸ்போல் ரீமின் விசிறி. ஆனால் விசிறுவது என்னவோ அவர்கள்தான். மட்டையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மூன்று தரம் காற்றை விசிறுவார்கள். போய் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறிப்பார்கள். ரொறன்ரோவில் கோடையிலும் கொஞ்சம் குளிர்காற்று வருகிறது என்றால் அதற்குக் காரணம் ஏரி அல்ல, இவர்கள்.

ரீமின் பெயரை நான் சொல்ல மாட்டேன். முந்தி எங்கள் பெண்கள் புருஷனின் பெயரைச் சொல்வதில்லை. அது மரியாதை. என்னுடையது எரிச்சல்.

என் பெயர் சீமோன். வீடு ரொறன்ரோவின் கிழக்கு மூலையில், ரூஜில். நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இவர்கள் இரண்டு முறை கோப்பை தூக்கினார்கள். இரண்டு முறையும் எனக்கு இரவு வேலை. ஊரே தெருவில் நின்று ஆட, நான் ஒரு ரெஸ்ரோறன்ரின் பின்பக்கம் சட்டி கழுவிக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேலாகக் காத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு வேறு பெரிய ஆசை இல்லை. ஒருமுறை, ஒரே ஒருமுறை, இவர்கள் ஒரு பெரிய ஆட்டத்தை வெல்வதை என் கண்ணால் பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டில் மூன்று பேஸையும் சுற்றி ஓடி வீட்டுக்கு வந்தால் புள்ளி. எங்கள் ஆட்களும் ஒக்டோபர் வந்தால் மொத்தமாக வீட்டுக்கு வந்துவிடுவார்கள். புள்ளி மட்டும் கிடைக்காது. இரண்டாவது பேஸைக் களவெடுக்கப் போகிறவன் விலாசம் சொல்லிவிட்டுத்தான் போவான். கடைசி நேரக் காவலுக்குப் பந்து வீச வருகிறவன் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவான். எல்லாருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். நான் அவருக்கு வைத்த பெயர் சம்பளத்துரை. ஆளை அடிக்கிற சம்பளம். பந்தைத்தான் அடிப்பதில்லை.

என் மனைவி கிளடிஸுக்கு இந்த விளையாட்டில் ஒரு இழவும் தெரியாது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். நான் ரீவிக்கு நேர் எதிரே கதிரையில் இருப்பேன். அவள் பக்கத்துச் சோபாவில் போனை நோண்டிக்கொண்டு இருப்பாள்.

"இஞ்சருங்கோ, உது பேஸ்போலோ, ஏசுபோலோ?"

"ஏனப்பா?"

"அவங்கள் விளையாடுறதைவிட நீங்கள் ஏசுறதுதான் கூட."

"ஏசாமல்? உவனுக்கு எத்தினை மில்லியன் குடுக்கிறாங்கள் தெரியுமோ?"

"என்ன செய்யிறதுக்கு?"

"அடிச்சுப்போட்டு வீட்டை ஓடி வாறதுக்கு!"

"நீங்கள் ஒருத்தருக்கும் அடியாமலே வேலையால வீட்டை ஓடி வாறியள். ஆர் கை தட்டினது?"

இப்படி ஒரு நாள், ஓகஸ்ட் மாதம், தோல்வியின் நடுவில் நான் கொதித்துக்கொண்டிருந்தபோது, கிளடிஸ் போனிலிருந்து நிமிர்ந்தாள்.

"கெதியா எழும்புங்கோ. உந்தக் குப்பைத் தொட்டியை வெளியில வைச்சிட்டு வாங்கோ."

"இப்பவோ? துரை அடிக்க வந்திட்டான்."

"அவன் எங்க அடிக்கப் போறான். போட்டு வாங்கோ."

அதில் பிழை பிடிக்க முடியவில்லை. போனேன். தொட்டியைத் தெருவோரம் உருட்டும்போது வீட்டுக்குள்ளிருந்து பெரிய ஆரவாரம். ஓடி வந்தேன். சம்பளத்துரை பந்தைக் கூரைக்கு அடித்துவிட்டு ஆறுதலாகச் சுற்றி வந்துகொண்டிருந்தான். நான் கதிரையில் குந்தினேன். அடுத்தவன் அவுட். அதற்கடுத்தவனும் அவுட்.

கிளடிஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நான் ஒண்டு சொன்னாக் கோவிக்கப்படாது."

"சொல்லும்."

"உங்கட முழிவியளம் சரியில்லை."

முழிவியளம் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு காரியத்துக்கு வெளிக்கிடும்போது எதிரே வருகிற முகம். முகம் சரியில்லை என்றால் காரியம் சரிவராது. நாங்கள் ஞாயிறு தவறாமல் தேவாலயப் பூசைக்குப் போகிற குடும்பம். இதையெல்லாம் நம்பக்கூடாது என்று சுவாமி பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் சுவாமி பேஸ்போல் பார்ப்பதில்லை.

"விசர்க்கதை கதையாதையும்" என்றேன்.

"யோசிச்சுப் பாருங்கோ. அவங்கள் மட்டையும் கையுமா ஒரு காரியத்துக்கு வெளிக்கிடுறாங்கள். நேர் எதிர்ல ஆர்? நீங்கள். அதுவும் உந்த முகத்தோட."

"அவங்களுக்கு என்னைத் தெரியுமே? அது ரீவியப்பா!"

"முழிவியளத்துக்கு ரீவி தெரியுமோ, வீதி தெரியுமோ?"

நான் படித்தவன். சோதித்துத்தான் நம்புவேன். அடுத்த ஆட்டத்தில் கிளடிஸ் "வெங்காயம் உரியுங்கோ" என்றாள். குசினிக்குப் போனேன். இரண்டு புள்ளி. "சரி, வந்து பாருங்கோ" என்றாள். வந்து பார்த்தேன். அவுட். "பாத்றூம் கழுவவேணும்" என்றாள். கழுவினேன். மூன்று புள்ளி. "வாங்கோ" என்றாள். வந்தேன். அவுட். கணக்கு ஒருதரமாவது பிழைத்திருந்தால் நான் கிளடிஸைப் பிடித்திருப்பேன். ஒருதரமும் பிழைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. இவ்வளவு வருஷமாக இவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று நித்திரையில்லாமல் யோசித்தவன் நான். மனேச்சரைத் திட்டினேன். முதலாளியைத் திட்டினேன். இப்போது காரணம் தெரிந்துவிட்டது. காரணம் என் வீட்டில், என் கதிரையில், என் சட்டைக்குள் இருந்தது. சம்பளத்துரையை மனதார மன்னித்தேன்.

செப்ரெம்பர் முழுக்க நான் ஒரு ஆட்டமும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. கரோலினின் அறைக்குப் பெயின்ற் அடித்தேன். கரோலின் எங்கள் மகள், டவுன்ரவுனில் ஒரு கொம்பனியில் வேலை. பெயின்ற் அடித்த கிழமை முழுக்க ஒரு ஆட்டமும் தோற்கவில்லை. கார்ப்பெற் கழுவினேன். பிரிட்ஜை இழுத்துப் பின்பக்கம் துடைத்தேன். பக்கத்து வீட்டு யோகராணி அன்ரி வந்து பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டா.

"எங்கட மனுசனுக்கும் உப்பிடி ஒரு வருத்தம் வராதோ, கிளடிஸ்?"

"வரும் அன்ரி. வரப்பண்ணலாம்" என்றாள் கிளடிஸ். அந்த 'பண்ணலாம்' என்ற சொல் அன்றைக்கு என் காதில் விழுந்தது. மண்டையில் விழவில்லை.

ரீம் கடைசிச் சுற்றுகளுக்குள் நுழைந்துவிட்டது. ஊர் முழுக்க நீலக் கொடி. விளையாட்டு நிபுணர்கள் ரீவியில் இருந்து காரணங்கள் சொன்னார்கள். பந்து வீச்சாம், பயிற்சியாம். எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம் கையில் கூட்டுகிற தும்புத்தடியோடு நின்றது.

அப்போதுதான் கரோலின் இரண்டு ரிக்கற் கொண்டு வந்தாள். அவளுடைய கொம்பனியில் கொடுத்தது. சனிக்கிழமை ஆட்டம். வென்றால் அடுத்த சுற்று. தோற்றால் அவரவர் வீடு.

"அப்பா, யூ அண்ட் அம்மா ஷுட் கோ. எனக்கு வேலை" என்றாள்.

ரிக்கற்றைக் கையில் வாங்கினேன். சட்டி கழுவிய காலத்திலிருந்து காத்திருந்த ஆட்டம். நல்ல இருக்கை. கண்ணால் பார்க்கலாம்.

கிளடிஸ் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"என்னப்பா, பேசாமல் இருக்கிறீர்?"

"நான் என்னத்தைச் சொல்ல. போங்கோ. உங்கட ஆசை."

"போகத்தான் போறன்."

"ஓம், போங்கோ. ரீவிக்குள்ளால பாத்தே அந்தப் பாடு. நேர போய் முன்னால நிண்டா என்ன நடக்குமோ, கடவுளே."

"உம்மட வாயில நல்ல சொல்லே வராதோ?"

"நான் மறிக்கேல்லையே. அங்க வாற நாப்பதாயிரம் சனமும் சின்னப் பிள்ளையளோட அழுதுகொண்டு வீட்டை போனாப் போகட்டும். நீங்கள் பாத்தாக் காணும்."

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெல்வதைப் பார்க்க ஆசை. பார்த்தால் வெல்ல மாட்டார்கள். இப்படி ஒரு சாபம் வேறு எந்த ரசிகனுக்கு வந்திருக்கும்? வெள்ளிக்கிழமை பின்னேரம் ரிக்கற்றைக் கொண்டுபோய் கிளடிஸின் முன்னால் வைத்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரீமுக்காக நான் செய்கிற தியாகம் என்று சொன்னேன்.

"ஐயோ, அப்ப ரிக்கற் வீணாப் போகுமே" என்றாள் கிளடிஸ். "சரி, நானும் யோகராணி அன்ரியும் போறம். என்ன செய்யிறது."

சனிக்கிழமை என்னுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாள். அளவு அவளுக்குத்தான் பொருத்தமாக இருந்தது. காரில் ஏறும்போது திரும்பினாள்.

"சும்மா இருக்காதேங்கோ. கராஜைத் துப்பரவாக்குங்கோ. பெரிய ஆட்டத்துக்குப் பெரிய வேலை வேணும்."

ஒரு முனகலும் இல்லாமல் கராஜுக்குள் இறங்கினேன். ஓடாத லோன்மோவர், ஊதாத ஹீற்றர், ஒருத்தரும் ஏறாத சைக்கிள். எல்லாவற்றையும் வெளியில் இழுத்துப் போட்டேன். ரேடியோ போடவில்லை. போனை அணைத்து வைத்தேன். வேர்த்து வடிந்தது. ஒவ்வொரு பெட்டி தூக்கும்போதும் ஒரு புள்ளி, ஒரு புள்ளி என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

யோகராணி அன்ரியின் கணவர் இராஜரட்ணம் அண்ணை வந்தார். கையில் வெறும் சாப்பாட்டுக் கோப்பை.

"சீமோன், உங்கட வீட்டில கறி ஏதும் கிடக்கோ? இவ எங்க வைச்சிட்டுப் போனாவெண்டு தெரியேல்லை."

"அண்ணை, ஆட்டம் என்ன மாதிரி? இல்லை, சொல்லாதேங்கோ!"

"ஒரு புள்ளி பின்னால நிக்கிறாங்கள். கடைசி இன்னிங்ஸ் நடக்குது. நீர் பாக்கேல்லையே? இண்டைக்கெண்டாலும் நிம்மதியாப் பாக்கலாம். எங்கட ரெண்டு மனுசிமாரும் போனைக் கொண்டு போட்டினம்."

"போனுக்கும் நிம்மதிக்கும் என்ன அண்ணை?"

"உமக்குத் தெரியாதே? நாங்கள் பாக்கிறது இன்ரநெற் பெட்டியெல்லோ. அது ஒரு நிமிசம் பிந்தித்தான் காட்டும். போனில ஸ்கோர் உடன வந்திடும். இவ அதைப் பாத்துப்போட்டு, 'இப்ப அடிப்பான் பாருங்கோ, இப்ப அவுட் பாருங்கோ' எண்டு முன்னமே சொல்லி என்ரை உயிரை எடுப்பா. அவவுக்கு உதைக் காட்டிக் குடுத்ததே உம்மட கிளடிஸ்தான்."

நான் தும்புத்தடியில் சாய்ந்தேன். எங்கள் வீட்டிலும் அதே பெட்டிதான்.

குப்பைத் தொட்டி. வெங்காயம். பாத்றூம். கார்ப்பெற். பிரிட்ஜின் பின்பக்கம். அவன் அடித்தது போனில் வந்த பிறகு "எழும்புங்கோ". அவன் அவுட் ஆனது போனில் வந்த பிறகு "வாங்கோ". என் முகத்தில் ஒரு பழுதும் இல்லை! முழிவியளம் முழுவதும் அவள் மடியில் இருந்து வெளிச்சம் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது.

"அண்ணை, கறி பிரிட்ஜில. எடுத்துக்கொண்டு போங்கோ!"

வீட்டுக்குள் பாய்ந்தேன். என் போனை உயிர்ப்பித்துப் பக்கத்தில் வைத்தேன். கிளடிஸை எடுத்துக் கேட்கிற கேள்வி இருக்கிறது. ஆனால் முதலில் ஆட்டம். ரீவியைப் போட்டு, என் சொந்தக் கதிரையில், நேர் எதிரே, முகத்தை நன்றாக நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

அதே ஒரு புள்ளி வித்தியாசம். இரண்டு பேர் அவுட், மூன்றாமவனும் போனால் ஆட்டம் முடிந்தது. மூன்றாம் பேஸில் ஒருவன் ஓடத் தயாராக நிற்கிறான். மட்டையோடு வருவது சம்பளத்துரை. முதல் பந்து, விசிறினான். அடுத்த பந்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதுவும் கணக்கில் விழுந்தது. மிச்சம் ஒரே ஒரு பந்து. கதிரையின் நுனிக்கு வந்தேன். அடிப்பான். என் கண் முன்னால் அடிப்பான். இவ்வளவு வருஷமும் இதற்குத்தான் காத்திருந்தேன்.

போன் அடித்தது. கிளடிஸ். நல்லதாகப் போயிற்று. இப்போதே கேட்டுவிடலாம்.

"கிளடிஸ், உம்மட கள்ளம் முழுக்க எனக்கு..."

"இஞ்சருங்கோ, ரீவியைப் போட்டனீங்களோ?"

"இல்லை" என்றேன். முப்பது வருஷப் பழக்கம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பொய் சொல்லாதேங்கோ. தோத்துப்போட்டாங்கள். சனமெல்லாம் தலையில கை வைச்சுக்கொண்டு நிக்குது."

திரையில் துரை கையில் மட்டையோடு, தோளை ஆட்டிக்கொண்டு, முழுசாக நின்றான்.

"என்ன விசர்க்கதை! தோக்கேல்லை! துரை இன்னும் நிக்கிறான்! இன்னும் ஒரு பந்து கிடக்கப்பா!"

கிளடிஸ் மிகவும் அமைதியாகக் கேட்டாள்.

"எந்த ரீவியில கிடக்கு?"

நான் வாயைத் திறந்தேன். பெட்டியைப் பற்றிச் சொல்லலாம். ஒரு நிமிசத்தைப் பற்றிச் சொல்லலாம். எதைச் சொன்னாலும் நான் ரீவிக்கு முன்னால் இருந்துகொண்டுதான் சொல்ல வேண்டும்.

"அன்ரி, நான் சொன்னனெல்லோ, மனுசன் ரீவியைப் போட்டிட்டார்" என்று அவள் பக்கத்து இருக்கைக்குச் சொல்வது கேட்டது. யோகராணி அன்ரி "ஐயோ, நாசமாப் போச்சு" என்றா. அதற்கும் அப்பால் யாரோ ஒரு சின்னப் பிள்ளை அழுதது.

"கராஜ் முடிஞ்சுதோ?" என்று கேட்டாள் கிளடிஸ்.

"கொஞ்சம் கிடக்கு" என்றேன்.