மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய ஹார்டனர்

சூலூர்,
விஜயதசமி காலை, 1994.

ஈரோட்டில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்து, இன்னும் மேலே மேலே வரவேண்டிய மாப்பிள்ளை சென்னகிருஷ்ணனுக்கு, மாமனார் சுந்தரராஜுலு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தை வெங்கடம்மாளும், பசுவும், கன்றும் சுகம். டிராக்டர் சுகமில்லை. அங்கே உங்கள் சுகத்தையும் எங்கள் மகள் பங்காருவின் சுகத்தையும் அறிய ஆவல். பிள்ளைக்கு வேண்டிய நெய்யைப் பஸ்ஸில் கொடுத்துவிட்டோம், வந்திருக்கும்.

இந்த வீட்டில் மாப்பிள்ளையைக் குறை சொல்லும் பழக்கம் கிடையாது. கல்யாணத்தன்று உங்கள் சித்தப்பா காபியில் சர்க்கரை பற்றவில்லை என்று எழுந்து ரோட்டுக்குப் போனபோதுகூட, நான் பின்னாலேயே சர்க்கரை டப்பாவோடு ஓடினேனே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போதும் குறை சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். குறை எங்கே இருக்கிறது, அது ஈரோட்டில் இருக்கிறதா சூலூரில் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

விஜயதசமிக்குப் பெருமாள் அம்பு போடப் புறப்படும்போது சப்பரத்தை இழுப்பது நம் டிராக்டர்தான். அதற்குச் சப்பரத்தை இழுத்தே பழக்கம், கலப்பையை மாட்டினால்தான் இருமும். இந்த வருஷம் பக்கத்துத் தோட்டத்துப் பொங்கியண்ணன் புது டிராக்டர் வாங்கிவிட்டார். வாங்கியவர் காட்டுக்கு ஓட்டிப் போனாரா? நேராகக் கோயிலுக்கு ஓட்டிப் போய், தர்மகர்த்தாவிடம், "ஏனுங்க, சாமி இன்னும் எத்தனை வருசத்துக்குத் துருப்பிடிச்ச வண்டிக்குப் பின்னாடியே போவோணுமுங்க?" என்று கேட்டிருக்கிறார். சாமி வந்து இவரிடம் புகார் சொல்லிற்றாக்கும்! தர்மகர்த்தாவும் என்னைக் கூப்பிட்டு, "விசயதசமி காலைல வந்து பாக்கறேனுங்க. வண்டி பாக்கறாப்புல இருந்தா உங்க வண்டி. இல்லீன்னா மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். மனசில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது?

சாதா எனாமலை வாங்கி நானே பூசியிருப்பேன். நீங்கள்தான் போன தடவை வந்தபோது பானெட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இந்த மழையில எனாமல் காயவே காயாதுங்க. ஹார்டனர் கலந்து அடிங்க. மறுநாளே கல்லாட்டம் ஆயிரும், கண்ணாடியாட்டம் மின்னும்" என்றீர்கள். ஹார்டனர் டின்னையும் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினீர்கள். கலந்ததை உடனே அடித்துவிட வேண்டும், அடித்ததை மறுநாள் வரை தொடக்கூடாது என்று ரெண்டே ரெண்டு பத்தியமும் சொன்னீர்கள். யாரிடம் சொல்கிறோம், எந்த ஊரில் இருப்பவர்களிடம் சொல்கிறோம் என்று கொஞ்சமாவது யோசித்தீர்களா?

மழை விட்டதே நேற்று ஆயுதபூஜையன்றுதான். கோட்டைமேட்டிலிருந்து பெயின்டர் அமீர் ஹம்சா பாயை வரவழைத்தேன். நல்ல மனுஷன். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, எங்களைத் தூர நிற்கச் சொல்லிவிட்டு, முதல் கலவையில் பானெட்டையும் இடது பக்க மட்கார்டையும் அடித்து முடித்தார். அடடா, பொங்கியண்ணன் வண்டியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. ரெண்டாவது கலவையைக் கலந்து ஸ்பிரே கன்னில் ஊற்றியிருப்பார், உங்கள் அத்தை வந்து, "பாய், இலை போட்டாச்சுங்க, ஒரு வாய் சாப்பிட்டுப்போட்டு அடிச்சுக்கலாமுங்க" என்றாள். அவர், "கலந்தாச்சுங்கம்மா, இறுகிப்போயிருமுங்க" என்றார். "பண்டிகை நாளும் அதுவுமா பசியோட வேலை செய்வீங்களா? எங்களுக்குச் சோறு இறங்குமுங்களா?" என்றாள் இவள். பெயின்ட் இறுகினால் என்ன, பெண்பிள்ளை மனசு இறுகக்கூடாது என்று பாய் கையைக் கழுவிவிட்டார். சாப்பாடு ஆயிற்று, பாயசம் ஆயிற்று, ரெண்டாந்தரம் பாயசம் ஆயிற்று. வாசல் இறங்கினால் அடுத்த வீட்டுக் குழந்தையம்மாள், "அவங்க ஊட்டுல மட்டும் உண்டுபோட்டு எங்க ஊட்டுல ஒரு காபித்தண்ணி குடிக்காமப் போனா நல்லாருக்குதுங்களா?" என்று வழிமறித்து நிற்கிறாள். அங்கே முறுக்கு வேறு. நானாவது தடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வந்தவரைச் சாப்பிடாதே என்று சொல்ல எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, மாப்பிள்ளை. பாய் திரும்பி வந்து ஸ்பிரே கன்னைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை. சுத்தியலால் தட்டினார், கோயில் மணி மாதிரி சத்தம் வந்தது. மனுஷன் என்னிடம் மன்னிப்புக் கேட்க, நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க, அவர் கன்னைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வலது மட்கார்டு அதே துருவோடு நின்றது.

போகட்டும், முக்கால்வாசி வண்டி மின்னுகிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் உங்கள் அத்தை சந்தனக் கிண்ணத்தோடு வருகிறாள். "தொட்டுப்போடாதே, இன்னும் காயலை!" என்று கத்தினேன். "அருவாளுக்கும் அம்மிக்கும் பொட்டு வெச்சுட்டு, சோறு போடற வண்டியை மூளியா நிறுத்துவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பானெட் நடுவில் ஒரு நாமத்தைத் தீட்டிவிட்டாள். அதோடு போனதா? பொரி வாங்க வந்த சனம் முழுக்க, ஆளுக்கு ஒரு பொட்டு. சுமங்கலிகள் குங்குமத்தோடு வந்து நிற்கும்போது, வேண்டாமுங்க அம்மணி என்று எந்த வாயால் சொல்வது? "வெய்யுங்க, வெய்யுங்க" என்று சிரித்துக்கொண்டே வயிறெரிந்து நின்றேன். கடைசியாகப் பொங்கியண்ணன் வந்தார். விரலில் தொட்டு வைத்தால் என்ன? உள்ளங்கை முழுக்கச் சந்தனத்தை அப்பிக்கொண்டு, நாமத்துக்குப் பக்கத்தில் பளாரென்று ஒரு அறை. அதைத்தான் பக்தி என்கிறார்.

இன்று விடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தேன். வரவில்லை. மண்ணெண்ணெய் போட்டேன். வரவில்லை. நாமம், ஊர்ப்பட்ட பொட்டு, ரெண்டு சாமந்தி இதழ், பொங்கியண்ணனின் அஞ்சு விரல், எல்லாம் பெயின்டோடு பெயின்டாகக் கல்லாகிவிட்டன. உங்கள் ஹார்டனர் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவே இல்லை. செய்து தொலைத்துவிட்டது என்றுதான் சொல்கிறேன்! எனக்கு வந்த ஆத்திரத்தில், மிச்சமிருந்த பெயின்டில் உங்கள் டின்னை அப்படியே கவிழ்த்துக் கலக்கி, அந்த வலது மட்கார்டில் பிரஷ்ஷால் தடியாக அப்பிவிட்டேன். இன்னும் சற்று நேரத்தில் தர்மகர்த்தா வருவார், பார்ப்பார், பொங்கியண்ணன் வண்டியைக் கட்டச் சொல்வார். எங்கள் அப்பா காலத்திலிருந்து வந்த மரியாதை இன்றோடு சரி. இனி நான் அந்தச் சப்பரம் போகிற தெருவில் நிற்கமாட்டேன். உங்கள் ஹார்டனரும் இந்த வாசல் ஏறக்கூடாது. காலி டின்னை அதே கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன், பெற்றுக்கொள்ளவும்.

மற்றபடி உங்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தீபாவளிக்குக் குடும்பத்தோடு கட்டாயம் வரவேண்டும், வராவிட்டால்தான் வருத்தம். பெருமாள் உங்களுக்கும் பங்காருவுக்கும் நீண்ட ஆயுளும், நினைத்ததும் தரட்டும். எனக்குத் தராவிட்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
சு. சுந்தரராஜுலு

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் தர்மகர்த்தா வந்துவிட்டதால் மத்தியானம் மறுபடி எடுத்து எழுதுகிறேன். பானெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். துடைத்துப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஊரே பொட்டு வெச்சு, அழியாம நிக்குதுங்க. இதை விட்டுப்போட்டு வேற வண்டிய கட்டறதுங்களா?" என்றார். சப்பரத்தை நாம்தான் இழுத்தோம். ஹார்டனர் கலக்கும் யோசனை என்னுடையது என்று ஊரில் சொல்லிவிட்டேன், தீபாவளிக்கு வரும்போது நீங்களும் அப்படியே சொல்லவும். இன்னொரு டின் அனுப்பவும், பெரியதாக.

பொங்கியண்ணன் தன் உள்ளங்கையைப் பானெட்டில் பொருத்திக் காட்டி, "என்ற கையும் இருக்குதுங்களே, எனக்கும் பாத்தியம் உண்டுங்க" என்று வண்டியில் ஏறி, காலையில் நான் அப்பிவைத்த அந்த வலது மட்கார்டில் உட்காரப் போனார். ஏறி வந்தவரை உட்காராதீங்க என்று எப்படிச் சொல்வது? "உக்காருங்க, உக்காருங்க" என்றேன். பெருமாள் கோயிலுக்குத் திரும்பியாயிற்று. பொங்கியண்ணன் இன்னும் இறங்கவில்லை. பட்டு வேட்டி, அவிழ்த்துவிட்டு இறங்கவும் மனசில்லை. உங்கள் அத்தை சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்ப் பரிமாறுகிறாள். இதைக் கரைக்க எதை ஊற்றவேண்டும் என்று எழுதவும். தந்தி எல்லாம் வேண்டாம், கார்டு போட்டால் போதும்.