மருத்துவமனை வண்டி உயர்ந்த வரலாறு

மனித இனம் நான்கு காலை விட்டு இரண்டு காலில் எழுந்து நின்றதற்குப் பிறகு, உயரத்தைப் பற்றி இந்த உலகில் எடுக்கப்பட்ட மிகப் பெரிய முடிவு எங்கள் கால்நடை மருத்துவமனையின் கூட்ட அறையில்தான் எடுக்கப்பட்டது. அந்த அறையில் மின்விசிறி சுற்றாது. பேச்சு மட்டும் சுற்றும். அந்த நேரத்தில் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன் என்பது என் வாழ்நாள் பேறு.

நான் மருத்துவமனையின் செய்தித் தொடர்பு அலுவலர். முழுக்க முழுக்கத் தகுதி அடிப்படையில் கிடைத்த வேலை. இயக்குநரின் தங்கையை மணந்திருப்பதுதான் அந்தத் தகுதி.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிக்கப் வண்டி. முன்னால் டாக்டரம்மாவும் ஓட்டுநரும் உட்காருவார்கள். பின்னால் மருந்துப் பெட்டிகள் போகும். சில நாள் நோயுற்ற கன்றோ ஆடோ வரும். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வதைத் தவிர அந்த வண்டிக்கு வேறு எந்த லட்சியமும் இருந்ததில்லை.

அப்படியிருக்கையில், ஒரு விழாவில் வனத்துறை அதிகாரி தன் உயரமான பிக்கப்பின் சன்னலிலிருந்து எங்கள் இயக்குநருக்கு வணக்கம் சொன்னார். கீழே நின்றிருந்த இயக்குநர் அண்ணாந்து பார்த்துப் பதில் வணக்கம் சொல்ல நேர்ந்தது. கழுத்து சுளுக்கிக்கொண்டது. மறுநாள் காலை அவசரக் கூட்டம்.

“நம்ம வண்டி ஏன் இவ்வளவு குள்ளமா இருக்கு?”

“வாங்கும்போதே அப்படித்தான் சார் இருந்தது,” என்றார் ஓட்டுநர்.

“அதான் நம்ம பிரச்சினை. வளர்ச்சியே இல்ல.”

டாக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம். “சார், வண்டியை இன்னும் உயர்த்தினா கன்னுக்குட்டி எப்படி ஏறும்?”

“முன்னேறணும் டாக்டர். கன்னுக்குட்டியா இருந்தாலும் முன்னேறணும். என்ன மாப்பிள்ளை?”

நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டாததால் அது தெளிவாகக் கேட்டது.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போனோம். அதை நடத்துகிற பெண்மணியைப் பட்டறை அக்கா என்பார்கள். அடக்கம் என்றால் என்னவென்று கேட்பவர். “என்னை மாதிரி வேலை தெரிஞ்ச ஆள் இங்க யாருமில்ல,” என்று தொடங்கி, தன் புகழை ஒரு சுற்று பாடி முடித்துவிட்டுத்தான் வண்டிக்கே வந்தார். இயக்குநரைக் குனிய வைத்து அடியில் காட்டினார்.

“இன்ஜின் சுத்துறதைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போறது இந்த நீளக் குழாய்தான். ஷாஃப்ட். மேல தூக்கினா இது ரொம்பச் சரிஞ்சு நிக்கும். ரெண்டு முனையிலயும் இருக்கிற மூட்டு ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. ஒத்துப்போகலேன்னா ஆடும். ஆடினா தேயும். தேஞ்சா ஒரு நாள் கழண்டு விழும்.”

“அதுக்கு என்ன பண்ணணும்?”

“கொஞ்சமாத் தூக்கணும். கூடவே பின் அச்சுல ஆப்பு வெச்சுக் கோணத்தைச் சரி பண்ணணும்.”

இயக்குநரின் முகம் சிவந்தது. “எனக்கே ஆப்பா?”

“உங்களுக்கில்ல சார், வண்டிக்கு.”

“வெச்சா வெளியில தெரியுமா?”

“எப்படித் தெரியும்? அடியிலதானே இருக்கும். படுத்துப் பாத்தாத்தான் தெரியும்.”

“விழாவுக்கு வர்றவங்க படுத்துக்கிட்டா வருவாங்க? அது வேண்டாம். அந்தச் செலவுல கூரை மேல வரிசையா விளக்கு போடுங்க.”

“விழுந்தா என்கிட்ட வராதீங்க,” என்றார் பட்டறை அக்கா. சற்று யோசித்து, “வந்தாலும் திட்டிட்டுத்தான் செய்வேன்,” என்று சேர்த்துக்கொண்டார்.

வண்டி எழுந்தது. பெரிய டயர்களும் விளக்குகளுமாக அது மருத்துவமனைக்குள் நுழைந்தபோது வாசல் வளைவில் இடித்தது. வளைவை இடித்துவிட்டோம். ‘வானளாவிய சேவை’ என்று நான் செய்தி வெளியிட்டேன். வீட்டில் அதைப் படித்த என் மனைவி, “எங்க அண்ணன் கல்யாணத்துல அண்ணியைவிடக் குதிகால் உசந்த செருப்பு போட்டிருந்ததே அவன்தான்,” என்றாள். குடும்ப விவகாரங்களை நான் அலுவலகத்துக்குக் கொண்டுபோவதில்லை.

முதல் வாரத்திலேயே வண்டி நடுங்கத் தொடங்கியது. வேகம் கூடினால் இருக்கை குலுங்கும், கதவு குலுங்கும், டாக்டரம்மாவின் குரலும் குலுங்கும். அவர் இறங்கி மாட்டுக்காரர்களிடம் பேசும்போது, இந்த அம்மாவுக்கே பயமாக இருக்கிறதே என்று அவர்கள் கலங்கினார்கள்.

“சார், ஸ்டியரிங் பிடிச்ச கை வீட்டுல சாப்பிடும்போதும் ஆடுது,” என்றார் ஓட்டுநர். “கியர் போட்டா அடியில ‘டங்’குனு ஒரு சத்தம் வேற.”

அன்றே சுற்றறிக்கை போனது: இனி ‘அதிர்வு’ என்ற சொல்லை யாரும் பயன்படுத்தக் கூடாது, ‘உயிர்த்துடிப்பு’ என்றே குறிப்பிட வேண்டும். பெட்டிக்குள் மருந்துப் புட்டிகள் உயிர்த்துடிப்பால் உடைந்தன. டாக்டரம்மா உடைந்த கண்ணாடியை மேசையில் கொண்டுவந்து கொட்டினார்.

“நல்லாக் குலுக்கிப் பயன்படுத்தவும்னு புட்டியிலயே போட்டிருக்கே டாக்டர்?” என்றார் இயக்குநர்.

“மூட்டு தேய்ஞ்சு போச்சு சார். ஒரு நாள் நடுவழியில நிக்கப்போறோம். அந்த ஆப்பை மட்டுமாவது வெச்சுடலாமே?”

“நீங்க மாட்டைப் பாருங்க. நிர்வாகத்தை நான் பாக்குறேன்.”

ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் ஒரு பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. மாடு கன்று போட முடியாமல் தவிக்கிறது. கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே வந்து நிற்கிறது. டாக்டரம்மா ஓடிவந்து ஏணி வைத்து வண்டியில் ஏறினார். படம் எடுப்பதற்காக நானும் ஏறினேன்.

மேட்டின் உச்சியில், பண்ணையின் மாட்டுக் கொட்டகை எதிர்ச் சரிவில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், அடியில் பெரிய சத்தம் கேட்டது. பிறகு இரும்பு சாலையில் உரசும் ஓசை. இன்ஜின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. ஓட்டுநர் இறங்கிக் குனிந்து பார்த்தார்.

“விழுந்துடுச்சும்மா.”

டாக்டரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கி ஓடினார். முட்செடிகளுக்கிடையே இரண்டு முறை விழுந்து எழுந்ததை மேலிருந்து பார்த்தேன். அவ்வளவு உயரத்திலிருந்து எல்லாம் நன்றாகத் தெரிந்தது. பின்னால் வரும் வண்டிகள் மோதிவிடாமல் இருக்க, ஓட்டுநர் கூரை விளக்குகள் எல்லாவற்றையும் எரியவிட்டார்.

டாக்டரம்மா மாட்டைக் காப்பாற்றிவிட்டார். கன்று அவர் போய்ச் சேர்வதற்குள் இறந்திருந்தது.

விசாரணை நேர்மையாக நடந்தது. நடத்தியவர் இயக்குநர். அரசு வாகனத்தை விட்டு அனுமதியின்றி இறங்கி ஓடியதற்காக டாக்டரம்மாவிடமும், வாகனத்தின் பாகத்தைப் பொது இடத்தில் போட்டதற்காக ஓட்டுநரிடமும் விளக்கம் கேட்கப்பட்டது. வண்டியின் மேற்பகுதிக்கு எந்தச் சேதமும் இல்லை என்று நான் மக்களுக்கு ஆறுதல் செய்தி வெளியிட்டேன்.

மறுவாரம் பண்ணைக்கார அம்மா இயக்குநரின் அறைக்கு வந்தார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. இயக்குநர் அவரைச் சன்னலருகே அழைத்துப் போய், பட்டறையிலிருந்து திட்டு வாங்கித் திரும்பியிருந்த வண்டியைப் பெருமையோடு காட்டினார்.

“கவலைப்படாதீங்கம்மா. இந்த வட்டாரத்துலயே இவ்வளவு உயரமான வண்டி எங்ககிட்டதான் இருக்கு. எவ்வளவு தூரத்திலிருந்து பாத்தாலும் தெரியும்.”

“தெரிஞ்சுது சார்,” என்றார் அந்த அம்மா. “மேட்டு மேல விளக்கெல்லாம் எரிய ஜோரா நின்னுக்கிட்டு இருந்தது. கன்னு சாகுற வரைக்கும் நாங்க அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தோம்.”