தக்காளித் தொக்கில் சோகம் கண்டவள்

சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரகடம் வரை உள்ள அத்தனை லேடீஸ் ஹாஸ்டல்களிலும் தேடிப் பாருங்கள். தக்காளித் தொக்கு செய்முறையைப் படித்துவிட்டுச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்ட பெண் ஒருத்திதான் கிடைப்பாள். அவள் எங்கள் அம்பு.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. சம்பளச் சீட்டில் தவிர வேறெங்கும் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. எங்கள் கம்பெனியில் அவளுக்குப் பரிசோதனை மேசையில் வேலை. பிளாஸ்டிக் மூடிகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டும்படி அம்பு வடிவச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பொத்தாம்பொதுவாக 'சரியில்லை' என்று தள்ளிவிட முடியாது. எங்கே என்று காட்டியாக வேண்டும். இந்தச் சட்டத்தை அவள் மீந்த ஸ்டிக்கர்களோடு ஹாஸ்டலுக்கும் கொண்டுவந்துவிட்டாள்.

பக்கத்திலேயே பென்னலூரில் சொந்த வீடு. எதற்கு ஹாஸ்டல் என்று கேட்டால், "வூட்ல எப்பப் பாரு சிரிச்சிக்கினே கீறாங்க. ஒரு கதை படிக்க முடியல" என்பாள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்போது ஷிப்டுக்கு நடுவே தபால் வழியில் தமிழ் இளங்கலை படித்துக்கொண்டிருந்தேன். நகை, அழுகை என்று எட்டு மெய்ப்பாடுகளையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஞாயிற்றுக்கிழமை வார இதழ்க் கதையை உரக்கப் படித்து, அதில் இருப்பது என்ன உணர்வு என்று அறைக்குத் தீர்ப்புச் சொல்வது என் உரிமையாக இருந்தது. அம்பு வந்த பிறகு என் தீர்ப்புகள் மேல்முறையீட்டுக்குப் போகத் தொடங்கின.

ஒரு முறை, தெரியாமல் வேறு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து வயிறு நிறையச் சாப்பிட்ட மனிதரின் கதை. அறையே உருண்டு சிரித்தது. அம்பு இதழை வாங்கினாள். 'யாரிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவது என்று சுற்றிப் பார்த்தார்' என்ற வரியில் ஸ்டிக்கரை ஒட்டினாள்.

"இன்னாடி இது? மேலயே நகைச்சுவைக் கதைன்னு போட்டுகீதே" என்றேன்.

"பொட்டி மேல ஓகேன்னு போட்டா, உள்ள கீற பீஸு ஓகேவா? அந்தாளுக்கு அங்க தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. கதையோட மூடு இங்கதான் கீது."

அன்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் பாதிதான் ஒப்புக்கொள்வேன். ஏனென்றால் இதே அம்புதான் ராசிபலனிலும் ஸ்டிக்கர் ஒட்டினாள். தொக்கு செய்முறையில் 'ஆறியதும் மூடி வைக்கவும்' என்ற இடத்திலும் ஒட்டினாள்.

"அது தொக்குடி" என்றேன்.

"தெரியும். அவ்ளோ நேரம் கொதிச்சிட்டு, கடைசில மூடி வெச்சிட்றாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

எங்கள் அறையில் தூத்துக்குடிப் பக்கத்துப் பார்வதியும் இருந்தாள். எங்களைவிடச் சின்னவள். ஊரில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுவிட்டுக் கிளம்பும் வாரம் வந்தது. ஞாயிறு மதியம் கேக் வாங்கி வைத்தோம். வெட்டும் முன்பு, தானே எழுதிய பாட்டைப் பார்வதி படித்தாள்.

'புதுச்சேலை எடுத்தாச்சு, பூவுக்கும் சொல்லியாச்சு,
ஜன்னலோரக் கட்டிலுக்கு வேற ஆளும் பாத்தாச்சு,
ஐடி கார்டு கழட்டையில கழுத்து லேசாப் போயாச்சு,
சிரிச்சுக்கிட்டே போறேன் நான், சீக்கிரமா அனுப்பி வைங்க.'

எல்லோரும் கைதட்டினோம். "உவகை. சந்தேகமே இல்ல" என்றேன் நான்.

அம்பு தாளை வாங்கினாள். ஸ்டிக்கர் ஒன்றைப் பிய்த்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு வரி வரியாக மேலும் கீழும் போனாள். எங்கும் ஒட்டவில்லை. அப்படி அவளைப் பார்த்ததே இல்லை.

"ஒட்ட எடமே இல்ல. கல்யாணப் பாட்டுல மாப்பிள்ளையே இல்ல" என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "பாரு, இந்தக் கல்யாணம் உனக்கு வோணுமா?"

பார்வதி சிரித்தாள். சிரித்தபடியே கட்டிலில் உட்கார்ந்தாள். அழுகை எப்போது தொடங்கியது என்று தெரியவில்லை.

"ஏக்கா, இத எங்கிட்ட யாருமே கேக்கலையேக்கா. லைன் லீடர் பரீட்சைக்குப் பேரு குடுத்திருக்கேன். அப்பாட்ட எப்படிச் சொல்லுவேன்?"

கடைசியில் நாங்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, கல்யாணம் வேண்டாம் என்று போனில் அப்பாவிடம் அவளேதான் சொன்னாள். மறுமுனையில் அவர் போனை வைத்துவிட்டார். கேக்கை யாரும் தொடவில்லை.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது அவர் ஹாஸ்டல் வாசலில் நின்றிருந்தார்.

"எம் மவ மனசக் கலைச்சது யாரும்மா? பத்திரிக அடிக்கக் குடுத்தாச்சு. ஊருக்குள்ள என்ன மூஞ்சிய வச்சிக்கிட்டு நடப்பேன்?"

சூப்பர்வைசரிடமே எதிர்த்துப் பேசும் அம்புவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் முன்னால் போய் நின்றாள். "நான்தாங்க."

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார். நான் குறுக்கே போனேன். "அவ எங்க வூட்டுப் பொண்ணுங்கய்யா. எதுவா இருந்தாலும் எங்கிட்ட பேசுங்க."

அவர் எங்கள் இருவரையும் தாண்டி, பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். "நெசமாவே வேண்டாமா தாயீ?"

"இப்ப வேண்டாம்ப்பா."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா."

"நீங்க கேக்கலையேப்பா."

அவர் படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு டம்ளரை மகளிடம் நீட்டினார். பிறகு தனியாகவே ஊருக்குக் கிளம்பினார். பார்வதி அவரை பஸ் ஏற்றிவிடப் போனாள்.

அவ்வளவு நேரமும் அம்பு பின்னாலிருந்து என் முழங்கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர்கள் தெருமுனை திரும்பிய பிறகும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.