அலோவுக்கு நாங்கள் எழுதிய மொய்

1998 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலே கால் மணி. ஆடிக்காற்று மலைக்கோட்டைப் பக்கமிருந்து புழுதியை வாரி வந்து எங்கள் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. மழை வருவதுபோல் இருட்டிவிட்டு, வராமல் போனது. திண்டுக்கல் ஜில்லாவிலேயே ரகசியம் பேசத் தெரியாத ஒரே மனிதர் என்னிடம் ஒரு ரகசியம் சொல்ல வந்தது அப்போதுதான்.

அவர் பெயர் அலோ. ஞானஸ்நானத்தில் வேறு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் தெருவின் நாற்பத்தாறு வீடுகளில் ஒரு வீட்டுக்கும் அது தெரியாது. மைக்செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். ஆறு குழாய் ஸ்பீக்கர், இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜெனரேட்டர், கல்யாணம் ஆகாத ஒரு உடம்பு, இவைதான் அவர் சொத்து. இருபது வருடமாக "அலோ… அலோ… மைக் டெஸ்டிங்" என்று சொல்லிப் பழகியதால், மைக் இல்லாத இடத்திலும் பேச்சை அப்படித்தான் தொடங்குவார். எதிரே நிற்பவரின் நெஞ்சில் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, "அலோ" என்பார். அதன் பிறகுதான் விஷயம். டீ கேட்பதற்கும் டீ மாஸ்டர் நெஞ்சில் இரண்டு தட்டு.

குரலைக் குறைக்க அவருக்குத் தெரியாது. பாவசங்கீர்த்தனம் செய்யப் போனால் கடைசி பெஞ்சு வரை கேட்கும். பங்குச் சாமியார் அவருக்கென்று, கோயிலில் ஆளில்லாத புதன்கிழமை மத்தியானத்தை ஒதுக்கிக் கொடுத்திருந்தார். பாவங்கள் ஒன்றும் பெரிதில்லை. கேட்ட மூன்று பேரிடம் விசாரித்து உறுதி செய்திருக்கிறேன்.

ஆனால் விசேஷ வீட்டில் மொய் வாசிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. எங்கள் பக்கத்தில் மொய் எழுதினால் மட்டும் போதாது. மைக்கில் சொல்ல வேண்டும், ஊர் கேட்க வேண்டும். அலோ அதில் ஒரு வேலை செய்வார். ஆயிரத்தொரு ரூபாய் எழுதியவன் பெயரைப் பஸ் கண்டக்டர் ஸ்டாப் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பதினோரு ரூபாய் எழுதியவன் பெயர் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, ராஜா வருகிறாற்போல் நீட்டி முழக்குவார். நான் கருவூலத்தில் கடைநிலை எழுத்தராகச் சேர்ந்திருந்த காலத்தில், ஒரு கல்யாணத்தில் பதினோரு ரூபாய்தான் எழுத முடிந்தது. மேசைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். "நமது தெருவின் பெருமை… கருவூல அதிகாரி… அவர்கள்… மொய்…" என்று அவர் இழுத்த இழுப்பில் தொகை யார் காதிலும் விழவில்லை. அன்றைக்கு நான் சாப்பாட்டுப் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

ரகசியத்துக்கு வருகிறேன்.

"அலோ… அலோ…" என் நெஞ்சில் தட்டினார். "அண்ணே, ஒரு ரகசியம். யாருகிட்டயும் சொல்லிராதீக."

எதிர்வீட்டு மாடியில் வற்றல் அள்ளிக்கொண்டிருந்த அம்மா, "நான் சொல்ல மாட்டேன் தம்பி!" என்றார்.

ரகசியம் ஒரு பெல்ட். இடுப்பில் கட்டும் காந்த பெல்ட். இடுப்பு வலி, மூட்டு வலி, சர்க்கரை, மனக்கவலை எல்லாம் போகுமாம். விலை இரண்டாயிரத்து நானூறு. வாங்கினால் கம்பெனியில் நாமும் ஓர் ஆள். நமக்குக் கீழே இரண்டு பேரைச் சேர்க்க வேண்டும். அவர்கள் ஆளுக்கு இரண்டு பேர். இப்படியே போனால் மாதாமாதம் வீட்டுக்குச் செக் வரும். மதுரையிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அலோவுக்கு ஆசை பணத்தின்மேல் அல்ல. அப்போது கல்யாணக்காரர்கள் குழாய் ஸ்பீக்கரை விட்டுவிட்டுப் பெட்டி ஸ்பீக்கர் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு செட் பெட்டி ஸ்பீக்கர் வாங்கிவிட்டால் தொழில் நிற்கும். இல்லாவிட்டால் போகும்.

சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று வட்டம் போட்டுக் காட்டினார். நான் பக்கத்திலேயே கணக்குப் போட்டேன்.

"ஏப்பா, பதினெட்டாவது வரிசை வாரதுக்குள்ள திண்டுக்கல்லுல கைக்குழந்தை வரைக்கும் எல்லா இடுப்பும் தீந்துபோகும். அதுக்கப்புறம்?"

அலோ யோசிக்கவே இல்லை. "அதுக்கப்புறம் சின்னாளப்பட்டி இருக்குல்லண்ணே?"

டைக்காரர் அவருக்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்திருந்தார்: என்ன விஷயமென்று முன்கூட்டிச் சொல்லக் கூடாது, 'நல்ல செய்தி, வாங்க' என்று மட்டும் காதோடு சொல்ல வேண்டும். காதோடு சொல்வது அலோவால் முடிகிற காரியமா? ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். "வருகின்ற ஞாயிறு மாலை ஆறு மணியளவில்… என்ன விஷயம் என்று சொல்லக் கூடாத ஒரு கூட்டம்… அனைவரும் குடும்பத்துடன் வருக… வருக!"

என் மனைவி பிலோமினா கேட்டாள்: "சாப்பாடு உண்டாமா?"

அந்தக் கேள்வியிலேயே எல்லாம் இருந்தது. எனக்குத்தான் உறைக்கவில்லை. அலோவுக்கு வீட்டில் விசேஷம் என்று எதுவும் நடந்ததில்லை. ஊர் மொய்யையெல்லாம் வாசித்தவருக்கு ஒரு ரூபாய் மொய் எழுத ஒருவருக்கும் வாய்த்ததில்லை. அப்படிப்பட்டவர் முதல் முறையாக ஊரைக் கூப்பிடுகிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு பெண்கள் வந்தார்கள். பூட்டுப் பட்டறை சவரிமுத்து சலவைச் சட்டையில் வந்தார். கையில் கவர். கவரின்மேல் பெயர், அப்பா பெயர், ஊர்.

டைக்காரர் பலகையில் ஒரு வட்டம் போட்டு முடிப்பதற்குள் கவரோடு வரிசை நின்றுவிட்டது. "இவ்வளவு வேகமா நான் எந்த ஊர்லயும் பாத்ததில்ல சார்!" என்று என்னிடம் சொன்னார். கண் கலங்கியிருந்தது. அலோ பழக்கதோஷத்தில் மைக்கை எடுத்துவிட்டார்.

"ஆத்தூர் சந்தியாகு மகன்… பூட்டுப் பட்டறை அதிபர்… சவரிமுத்து குடும்பத்தார்… காந்த பெல்ட்… ஒண்ணு!"

பட்டறையில் அவர் அதிபர் இல்லை; கூலிக்கு வேலை பார்ப்பவர். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்கு அவர் இன்னொரு பெல்ட் வாங்கியிருப்பார். தொகை குறைந்தவர்கள் வீட்டுக்கு ஓடி, கவரை இரண்டாயிரத்து நானூறாக்கி எடுத்துவந்தார்கள். இரவு எட்டரைக்குள் முப்பத்தேழு கவர். முப்பத்தேழாவது என்னுடையது. பதினெட்டாவது வரிசையை எண்ணிப் பார்த்தவன்தான் நானும். ஆனால் பந்தியின் முதல் வரிசையும் ஞாபகத்தில் இருந்ததே.

பெல்ட் நன்றாகத்தான் வேலை செய்தது. சவரிமுத்து அதைக் கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். மத்தியானம் திரும்பும்போது இடுப்பைச் சுற்றி அரம் தேய்த்த இரும்புத்தூள், நாலு திருகாணி, ஒரு அலமாரிச் சாவி. சாவியைத் தேடிப் பட்டறையில் மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம்.

"ஏன் அலோ, ஒன் ஸ்பீக்கர்லயே இம்புட்டுப் பெரிய காந்தம் இருக்கே. அதக் கழட்டிக் கட்டிக்கிட்டாப் போதாதா?" என்று அவர் கேட்டார்.

அலோ வீட்டுக்குப் போய் ஒரு குழாயைத் திருப்பி வைத்துப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து டைக்காரர் மறுபடி வந்தார். ஒவ்வொருவரிடமும், "உங்களுக்குக் கீழ ரெண்டு பேர் எங்க?" என்று கேட்டார்.

"எனக்கு எதுக்குங்க ரெண்டு பேரு?" என்றார் சவரிமுத்து. "நான் செய்ய வேண்டியதச் செஞ்சாச்சு. எங்க வீட்டு விசேஷத்துக்கு அலோ செய்வான்."

"ஐயோ, இது மொய் இல்லீங்க. பிசினஸ்!"

"அத நீங்க கவர் வாங்குறதுக்கு முன்னாடில்ல சொல்லியிருக்கணும்?"

முப்பத்தேழு வீட்டிலும் இதே பதில். ஒருவரும் ஓர் ஆளைக்கூடச் சேர்க்கவில்லை. சேர்க்காவிட்டால் செக் கிடையாது என்பது கம்பெனி சட்டம். அலோவுக்கு ஒரே ஒரு செக் வந்தது. அதுவும் பாங்கிலிருந்து திரும்பி வந்தது. ஆறாவது மாதம் அவரே மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அலோ… அலோ… அண்ணே, ஆபீஸப் பூட்டிட்டாங்ய. நம்ம ஊருப் பூட்டுதேன். நல்லா, திருப்பி இழுத்துப் பாத்துப் பூட்டியிருக்காங்ய."

இந்த மாதிரிக் கம்பெனிகள் பெல்ட்டையோ பவுடரையோ விற்பதில்லை. நமக்குத் தெரிந்த ஒருவரின் முகத்தை வாங்கி, அதை நமக்கே விற்கிறார்கள். கம்பெனி மூடிக்கொண்டு போய்விடலாம். முகம் அதே தெருவில் இருக்க வேண்டுமே.

யாராவது சண்டைக்குப் போயிருந்தால் அலோ பிழைத்திருப்பார். ஒருவரும் போகவில்லை. மொய்யைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. விசேஷம் வரும்வரை காத்திருப்பார்கள், அவ்வளவுதான். அப்படிக் காத்திருப்பது எத்தனை பெரிய பாரம் என்று அவர்களில் யாருக்கும் தெரிந்திருக்காது.

முதல் விசேஷம் சவரிமுத்துவின் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள். மொய் வாசித்துக்கொண்டே வந்த அலோ, நடுவில் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்தார். "அலோ… மைக்செட்… மொய்… இரண்டாயிரத்து நானூற்று ஒரு ரூபாய்." ராகமில்லை, இழுப்பில்லை. கண்டக்டர் ஸ்டாப் சொன்னதுபோல் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

மறுநாள் அவரைப் பிடித்து உலுக்கினேன். "ஒன்னையும்தானப்பா கம்பெனிக்காரன் ஏமாத்தினான்? நீ ஏன் கட்டணும்?"

"அவன் மூஞ்சியப் பாத்தா குடுத்தாக, அண்ணே? என் மூஞ்சியப் பாத்துல்ல குடுத்தாக."

என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் வீட்டு மொட்டை மாடி தெரியும். ஆறு குழாய்களும் அங்கேதான் கவிழ்ந்து கிடக்கும். ஒரு காது குத்து, ஒரு குழாயை விற்று மிச்சம் ஐந்து. இரண்டு கல்யாணம், நான்கு. தொப்பம்பட்டிப் பக்கம் ஒரு புதுவீடு, மூன்று. குழாய் தீர்ந்து ஜெனரேட்டர், ஜெனரேட்டர் தீர்ந்து ஆம்ப்ளிஃபயர். 2003இல் மாடி வெறுமையாகிவிட்டது. அலோ வீட்டைக் காலி செய்து, சின்னாளப்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போய், சுங்குடிச் சேலைக் கடை ஒன்றில் கணக்கு எழுதப் போனார். விசேஷம் வந்தால் மட்டும் பஸ் ஏறி வந்து, அந்த இரண்டாயிரத்து நானூற்று ஒன்றை எழுதிவிட்டுப் போவார்.

2006இல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பத்தாறு முடிந்துவிட்டது. மிச்சம் நான்.

என் வீட்டில் வரக்கூடிய விசேஷம் ஒன்றே ஒன்று, மகள் கல்யாணம். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அலோ வந்து, "அலோ… அண்ணே, பாப்பா கல்யாணம் எப்ப?" என்று நெஞ்சில் தட்டிக் கேட்பார். ஒரு டீ குடிப்பார். ஒரு மணி நேரம் பேசுவார், தெருவே கேட்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் பஸ் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். கல்யாணம் முடிந்தால் அவர் பாக்கியும் முடியும். பாக்கி முடிந்தால் அவர் ஏன் இந்தத் தெருவுக்கு வரப்போகிறார்?

மாப்பிள்ளை வீட்டார் தேதி கேட்டார்கள். தவக்காலம் வருதே, கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்களே என்றேன். அது முடிந்து கேட்டார்கள். மழை வருதே என்றேன். மழை விட்டுக் கேட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலம் வருதே, அப்போதும் வைக்க மாட்டார்களே என்றேன். பிலோமினா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"உங்க சிநேகிதம் நெலைக்கிறதுக்கு என் புள்ள வீட்டுலயே உக்காந்திருக்கணுமாக்கும்?"

2007 மே மாதத்தில் கல்யாணம் நடந்தது. யாரோ ஒருவருடைய பெட்டி ஸ்பீக்கர். அலோ வெள்ளைச் சட்டையில் வந்தார், இளைத்திருந்தார். கவரைக் கொடுத்தார். மொய் வாசிக்கிற ஆள் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனபோது, கையால் மெதுவாக அதைத் தள்ளிவிட்டார். என்னிடம் வந்தார். நெஞ்சில் தட்டவில்லை. குனிந்து என் காதில் என்னமோ சொன்னார்.

பக்கத்திலேயே நின்றிருந்த எதிர்வீட்டு அம்மா, "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். அவருக்கே கேட்கவில்லை.

"முடிஞ்சுதுண்ணே" என்றுதான் சொன்னார்.

நான் பயந்தபடியே அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நான்தான் சின்னாளப்பட்டிக்குப் போனேன்.

"நீ ஒரு விசேஷம் வையப்பா. நான் திருப்பிச் செய்யணும்ல?"

"எனக்கென்னண்ணே விசேஷம்? பொண்டாட்டியா, புள்ளையா?"

"ஒனக்கு நீயே ஒரு காதாச்சும் குத்து."

"அதேன் மதுரைக்காரன் குத்திட்டானே!" என்று கடை அதிரச் சிரித்தார். சேலை எடுக்க வந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சத்தத்துக்காக மறுபடியும் போனேன். மொத்தம் ஒன்பது தடவை.

பத்தாவது தடவை, 2009இல், அவர் சாவுச் செய்தி கேட்டுப் போனேன். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் வந்திருந்தார்கள். வாசலில் சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வீட்டில் மைக் இல்லை.

கடைத்தெருவுக்கு ஓடினேன், அறுபத்தொரு வயதில். ஒரு மைக்செட்காரரைக் கையோடு கூட்டிவந்தேன். இரண்டு குழாய் கட்டினார். பழைய குழாய்கள்தான் வேண்டுமென்று நான் அடம்பிடித்தேன். ஒயரைச் சொருகிவிட்டு, "ஒருக்கா டெஸ்ட் பண்ணுங்க சார்" என்று மைக்கை என்னிடம் நீட்டினார்.

இரண்டு தட்டுத் தட்டினேன். நாலு வார்த்தை பேசலாமென்றுதான் நினைத்தேன். "அலோ… அலோ…" என்பதற்குமேல் வரவில்லை.

கூட்டத்தின் கடைசியிலிருந்து சவரிமுத்து, "கேக்குதுண்ணே" என்றார்.

மைக்செட்காரர் வாடகை எண்ணூறு கேட்டார். எண்ணிக் கொடுத்தேன். அவரும் எண்ணிப் பார்த்தார்.

"சார், ரொம்ப அதிகமா இருக்கே?"

"இருக்கட்டும். விசேஷ வீட்டுக் கணக்கு."

அந்த பெல்ட் இன்றும் எங்கள் சமையலறைச் சுவரில் தொங்குகிறது, இரண்டு கத்தியையும் பீரோ சாவியையும் பிடித்துக்கொண்டு. 1998இல் நான் கட்டியது இரண்டாயிரத்து நானூறு. அலோ எழுதியது இரண்டாயிரத்து நானூற்று ஒன்று. நான் திருப்பிச் செய்தது இரண்டாயிரத்து ஐந்நூற்று ஒன்று. பஸ் கட்டணத்தை நான் சேர்க்கவில்லை. ஆக, அலோ வகையில் எனக்கான நிகரச் செலவு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.