ஆண்டிபட்டிக் கணக்கு

பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் நான் வாங்கியது முப்பத்தாறு. வீட்டில் சொன்னது அறுபத்து மூன்று. (இரண்டிலும் அதே மூன்றும் ஆறும்தான், இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. அதனால் அதை முழுப்பொய் என்று நான் நினைக்கவே இல்லை.) அப்பா சந்தோஷம் தாங்காமல் ஜீப் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார். அத்தனை பேரும் டீ குடித்தபிறகு திருத்தம் சொன்னால் நன்றாகவா இருக்கும்? ஆறேழு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. போகப் போக நானே அந்த அறுபத்து மூன்றை நம்ப ஆரம்பித்திருந்தேன்.

மார்க் ஷீட், ஃபைலில் சாதிச் சான்றிதழுக்கும் பின்னால் பதுங்கிக் கிடந்தது. அப்பா அந்த ஃபைலைத் தொடவே மாட்டார். போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் அவருடையது. கையில் எந்நேரமும் கிரீஸ் இருக்கும்.

தண்டவாளம் மாற்றுகிறோம் என்று பல வருஷம் நின்றுபோயிருந்த ரயில், போடிக்குத் திரும்பி வந்த புதிது அது. ஊரே துள்ளிக்கொண்டிருந்தது. ஒரு சோலியும் இல்லாதவர்கள்கூட தேனி வரைக்கும் ரயிலில் போய், பஸ்ஸில் திரும்பி வந்து, ஜன்னலோரத்தில் உட்கார்ந்த கதையை ஒரு வாரம் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து மதுரையில் ஒரு பார்சல் கம்பெனியிலிருந்து எனக்கு இன்டர்வியூ வந்தது. காலை ஒன்பது மணிக்கு, அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே விடமாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். முதல்நாள் சாயங்காலமே கிளம்பிச் சித்தி வீட்டில் தங்குவதாகத் திட்டம்.

"பஸ்சு வேணாம்டா. ரயில்ல போறோம்" என்றார் அப்பா.

'போறோம்' என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. இன்டர்வியூ எனக்கு, பயணம் அவருக்கு. புது வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத சிவப்புத் துண்டு என்று மாப்பிள்ளைபோல நின்றார். வண்டி கிளம்ப ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே பிளாட்பாரத்துக்கு வந்துவிட்டோம். எங்களுக்கு முன்பே பாதி ஊர் அங்கே இருந்தது.

போடி பஸ் ஸ்டாண்டில் வளர்ந்த எல்லோருக்கும் ஒரு சட்டம் தெரியும். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டால் அந்த சீட் நமக்கு. நாலு பேர் முன்னால் ஏறினாலும் துண்டுக்கு மரியாதை கொடுத்து நின்றுகொண்டே வருவார்கள். ரயில் மெல்ல உள்ளே வந்ததும் அப்பாவுக்கு அந்த ரத்தம் கொதித்தது. எடம் போடுடா என்று கத்தினார். நான் துண்டைக் கேட்டேன்.

"புதுத் துண்டுடா, அழுக்காயிரும். கையில இருக்கறதப் போடு."

கையில் இருந்தது ஃபைல். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே அளவெடுத்துத் தைத்ததுபோல அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய், சீட்டில் சப்பென்று விழுந்தது. அப்போது எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. தேர்தலில் ஜெயித்தவன்போலக் கையைத் தூக்கினேன். (நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.)

பக்கத்துக் கதவில் முண்டியடித்து ஏறி, ஒவ்வொரு சீட்டாகத் தேடினோம். ஃபைலைக் காணோம். வண்டி நகர்ந்துவிட்டது. கடைசி சீட்டுக்கு அப்புறம் ஒரு தகரச் சுவர்தான் இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த பெரியவர் எங்களைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, அங்கிட்டு லேடீஸ் பெட்டி, நடுவில் வழி கிடையாது, தேனியில் இறங்கித்தான் போகவேண்டும் என்றார்.

தேனியில் வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன். அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அந்த ஜன்னலில் கண்ணாடி போட்ட ஒரு அக்கா, மடியில் என் ஃபைலோடு உட்கார்ந்திருந்தார். ஆண்டிபட்டி ரேஷன் கடையில் பில் போடுகிறவர் என்று பின்னால் தெரிந்தது. கைரேகை பதியாமல் சொந்தத் தங்கச்சிக்குக்கூடச் சர்க்கரை தராதவராம்.

என் பெயரைச் சொன்னேன். பெயர்தான் ஃபைல் மேலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாமே என்றார். மார்க் ஷீட்டில் போட்டோ இருக்கிறது, பாருங்கள் என்றேன். பார்த்தார். எண்ணெய் வழிய வாரிய அந்தப் பொடியனுக்கும், மீசையோடு மூச்சிரைத்த எனக்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை போலிருக்கிறது.

"சரி தம்பி, பத்தாப்புல கணக்குல எத்தனை?"

அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்றார். வருஷக்கணக்கில் பழகிய வாய், என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"அறுபத்து மூணுக்கா."

"இதுல அம்புட்டு இல்லையே தம்பி" என்றார் அவர். ஆண்டிபட்டியில் இறங்கி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுவதாகவும், நிஜமான சொந்தக்காரன் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டார். விசில் ஊதியது.

திரும்ப ஏறியதும் அப்பா சீட்டுகளுக்கு அடியில் குனிந்து தேட ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னப்பா தேடுறீங்க என்றேன்.

"உன் ஃபைலத்தான். அந்தம்மா வச்சிருக்கறது வேற எவனோடதோ. அம்புட்டு இல்லைங்குதே. பாவம், எந்த வீட்டுப் புள்ளையோ."

ஊரே சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். புது வேட்டி தரையில் புரள, அவர் என்னை நம்பித் தேடிக்கொண்டிருந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

ஆண்டிபட்டி வந்தது. அந்த அக்கா ஃபைலோடு இறங்கி ஸ்டேஷன் அறையைப் பார்த்து நடந்தார். அங்கே போய்விட்டால் எழுதிக்கொடு, கையெழுத்துப் போடு என்று நேரம் ஆகும். அதற்குள் வண்டி போய்விடும். அடுத்த ரயில் மறுநாள்தான். வேலையா, அறுபத்து மூன்றா? ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். லேடீஸ் பெட்டியின் அத்தனை ஜன்னலிலும் தலைகள். எங்கள் பெட்டிக் கதவில் அப்பா.

"முப்பத்தாறுக்கா! கணக்குல முப்பத்தாறு!"

பதற்றத்தில் தேவைக்கு மேலேயே கத்திவிட்டேன். அக்கா ஃபைலைக் கையில் கொடுத்தார். லேடீஸ் பெட்டி கைதட்டியது. நகர்ந்துகொண்டிருந்த வண்டியில் அப்பா கை கொடுத்து என்னை ஏற்றினார்.

உசிலம்பட்டி வரை அப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். உசிலம்பட்டி தாண்டியதும் திரும்பினார்.

"பஸ்சுல போயிருந்தா எனக்குத் தெரியாமலே போயிருக்கும்ல?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"ரயிலு நல்லதுதான்டா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், மதுரை வரைக்கும் நிறுத்தவில்லை.

மறுநாள் இன்டர்வியூ எடுத்த அதிகாரி பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை கிடைத்தது. ஊர் திரும்பியதும் அப்பா நேராக ஜீப் ஸ்டாண்டுக்குப் போய் எல்லோருக்கும் டீ சொன்னார். வேலை கிடைத்ததற்கா என்று கேட்டார்களாம். "இல்லண்ணே. அன்னைக்கு அறுபத்து மூணுக்குக் குடிச்சது செல்லாது. இது முப்பத்தாறுக்கு" என்றாராம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எந்த எண்ணும் சோதனை இல்லாமல் உள்ளே நுழைய முடியாது. ஜீப்பில் எட்டுப் பேர்தான் ஏற்றினேன் என்று அப்பா சொன்னால் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்பாள். அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று நான் போனில் சொன்னால், கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத என் மனைவியும் அதையேதான் கேட்கிறாள்.

"இது தேனிக் கணக்கா, ஆண்டிபட்டிக் கணக்கா?"