மண் தின்னாத துணி

குழிக்குள்ளிருந்து வந்த துணி வெள்ளை வெளேரென்று இருந்தது. மூன்று கிழமை மண்ணுக்குள் கிடந்த துணி அது. நளீர் உதறிப் பார்த்தான், வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். ஒரு பொட்டு ஓட்டைகூட இல்லை.

உடனே விவசாயப் போதனாசிரியை விதுஷாவுக்குப் போன் எடுத்தான்.

“மிஸ், துணி அப்பிடியே கிடக்கு.”

“நல்ல பருத்தித் துணிதானே, நளீர் நானா?”

“மருதமுனைக் கைத்தறி மிஸ். கலப்படமே இல்ல.”

“அப்ப மண்ணுல நுண்ணுயிர் குறைஞ்சு போயிருக்கும். நல்ல மண்ணெண்டா ஒரு கரண்டிக்குள்ள உலகத்துச் சனத்தை விடக் கூடக் கிடக்கும். வைக்கோல், சாணி எல்லாத்தையும் அதுகள்தான் திண்டு, வேருக்குச் சாப்பாடாக் குடுக்கிறது. பருத்தியும் அதுகளுக்குத் தீனிதான். திங்காட்டி அதுகள் இல்லயெண்டுதான் அர்த்தம்.”

நளீர் வரம்பில் குந்தினான். குந்திய வேகத்தில் எழும்பினான். இருப்புக் கொள்ளவில்லை.

வரிப்பத்தான்சேனை வயல்வட்டையிலுள்ள அந்த மூன்று ஏக்கர், மாமனார் ஆதம்பாவா ஹாஜியாருடையது. நளீர் இரண்டு போகமாக உர மூட்டையைக் கிட்டவும் எடுக்காமல், வைக்கோலை எரிக்காமல் உக்கவிட்டுச் செய்துவந்தான். விளைச்சல் கொஞ்சம் இறங்கியதும் ஹாஜியார், “மண் செத்துப் பெய்த்து” என்றார். பெருநாள் சாப்பாட்டில் எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னதால் நளீருக்கு ரோசம் வந்துவிட்டது.

“மண் உசிரோட இருக்கு மாமா. காட்டுறன்.”

“காட்டுங்க மருமகன். மாரிப் போக விதைப்புக்கு முந்திக் காட்டாட்டி வயலை றாஸிக்குக்குக் குடுத்திருவன்.”

றாஸிக் மூத்த மருமகன். வயல் கைக்கு வந்த அன்றே யூரியா மூட்டையோடு இறங்கக்கூடியவன். இரண்டு போகப் பாடும் ஒரே நாளில் போய்விடும்.

துணி புதைத்த விசயத்தை அவன் வெளியே சொல்லவில்லை. கிருமிக்குத் தீனி போடுகிறேன் என்றால் வட்டையே சிரிக்கும். வெள்ளைத் துணி வேறு, செய்வினை என்று கதை கட்டினாலும் கட்டுவார்கள். வயல் குடிசையான வாடியில் தங்கியிருந்த காவல்காரர் நூஹு காக்காவிடம் மட்டும், “காக்கா, வாய்க்கால் ஓரத்துல ஒரு துணி தாட்டிருக்கன். ஏனெண்டு கேக்காதீங்க. அதுக்கு ஒண்டும் ஆகாமப் பாத்துக்குங்க” என்று சொல்லியிருந்தான்.

துணியைத் திரும்பப் புதைத்துவிட்டு, முதல் வேலையாக இரண்டு பீப்பாய் சாணிக் கரைசலை அந்த இடத்தில் ஊற்றினான். அன்று பின்னேரம் கல்முனை வீட்டுக்குப் போனபோது மனைவி ஸுல்பிகா கதவை அரைவாசிதான் திறந்தாள்.

“கிணத்தடிக்குப் போங்க. உள்ளுக்கு வந்திராதீங்க!”

நாற்றம் போக நாலு தரம் குளித்தான். இரண்டு கிழமை பொறுத்துப் போய்த் தோண்டினான். துணி முந்தியதைவிட வெள்ளையாக இருந்தது.

பக்கத்தில் நின்ற நூஹு ஆவலோடு எட்டிப் பார்த்தார். “சாமான் சுகமாக் கிடக்கா தம்பி?”

“சுகமாத்தான் கிடக்கு காக்கா” என்றான் நளீர். அழுகை வந்தது.

தயிரும் சக்கரையும் கரைத்து ஊற்றினால் நுண்ணுயிர் பெருகும் என்று யாரோ யூடியூப்பில் சொன்னார்கள். ஊற்றினான். எறும்புதான் பெருகியது.

“தயிர்ச் சட்டி எங்க?” என்று வீட்டில் ஸுல்பிகா நின்றாள்.

“மண்ணுக்குக் குடுத்திட்டன்.”

“என்னகா கதை இது! விருந்தாளிக்கு வெச்சதையா மண்ணுக்குக் குடுத்த?”

கடைசியாக ஒரு யோசனை. உயிருள்ள மண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தால்? கல்முனையில் நல்ல மண் இருந்தது மாமனாரின் வாழை மரத்தடியில்தான். ஹாஜியார் ளுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து இரண்டு உரப்பை நிறைய அள்ளினான். கொஞ்சம் கூடவே அள்ளிவிட்டான். ஹாஜியார் திரும்பி வந்தபோது குலையோடு நின்ற வாழை மதிலில் சாய்ந்து கிடந்தது.

“மருமகன், இனிப் பொறுக்க ஏலா. இன்னும் ரெண்டு கிழமைதான். அந்த வெள்ளி ஜும்ஆ முடிய வயலுக்குப் போறம். அந்த மிஸ்ஸையும் வரச் சொல்லுங்க.”

வாழையடி மண்ணையும் குழியில் சேர்த்துவிட்டு, அந்த இரண்டு கிழமையும் நளீர் சோற்றைப் பிசைந்தானே தவிரத் தின்னவில்லை.

வெள்ளிக்கிழமை ஹாஜியார் வரம்பில் குடை பிடித்து நின்றார். விதுஷா திருக்கோவிலிலிருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள். நூஹு நாலடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நளீர் பிஸ்மி சொல்லி மண்வெட்டியைப் போட்டான். துணி வந்தது. மடிப்புக்கூடக் குலையவில்லை.

விதுஷா ஒரு பிடி மண்ணை எடுத்து மணந்து பார்த்தாள். “புதினமாக் கிடக்கு. மண் நல்ல கறுப்பு, மணமும் சரி. மண்புழுவும் நெளியுது.”

“புழு நெளியட்டும் மிஸ். துணி துணியாத்தானே கிடக்கு” என்றார் ஹாஜியார். பிறகு மருமகனின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். “பேசின பேச்சுத்தான் மருமகன். றாஸிக் செய்யட்டும்.”

நளீர் துணியை மடித்து வரம்பில் வைத்தான். “சரி மாமா. மண் செத்துத்தான் பெய்த்து” என்றான். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

ஹாஜியார் றாஸிக்கின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது நூஹு முன்னுக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

“கோவிச்சிக்காதீங்க தம்பி, நம்பி அமானிதமாத் தந்த சாமானாச்சே எண்டு மருதமுனைக்குப் போய்ப் போய் இதோட அஞ்சு துணி மாத்தித் தாட்டிட்டன், இனி எனக்கு ஏலா, நீங்க சாணி ஊத்தின நாளையில இருந்து இந்த மண் கிழமைக்கு ஒண்டு திங்குது!”