கம்ப்யூட்டருக்குப் பேய் ஓட்டிய தவசிமுத்து

தொண்ணூற்றாறா, தொண்ணூற்றேழா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் ஞாபகத்தை நானே அவ்வளவாக நம்புவதில்லை. ஆனால் ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த பேண்டேஜ் துணிக் கம்பெனி வாசலில் நின்ற கூட்டம் நினைவிருக்கிறது. பஞ்சுக்கடைக்காரர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள், காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.

முதலாளி சுப்புராஜ், பல வருடம் உழைத்த பச்சை எழுத்துத் திரைகளைக் கழித்துவிட்டு, வண்ணப்படம் காட்டும் கம்ப்யூட்டர்கள் வாங்கியிருந்தார். விற்றவன் விலையை மட்டும் சொன்னான். ஏசி அறையும் பேட்டரியும் வேண்டுமென்பது பிறகு தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு போட்ட பில்லை இப்போது மவுஸைப் பிடித்துப் படம் படமாகத் தேட வேண்டும். அதற்குள் திரை உறைந்துவிடும். "சுவிட்சில் மட்டும் கை வைக்காதீர்கள், கணக்கெல்லாம் அழிந்துவிடும்" என்று சொல்லிவிட்டு அவன் மதுரைக்குப் போய்விட்டான்.

சுவிட்சைத் தொட யாருக்கும் தைரியமில்லை. சாமியாரைக் கூப்பிடத் தைரியம் இருந்தது.

கான்சாபுரம் தவசிமுத்து, உறைந்த கம்ப்யூட்டரைச் சுற்றிப் பட்டுப் படுதா கட்டுவார். உள்ளே எலுமிச்சம்பழம், சாம்பிராணி, முணுமுணுப்பு. செத்த நேரத்தில் இனிமையாக ஒரு மணியோசை எழும். தேவநாதம் என்பார் சாமி. வாசல் கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். படுதா விலகினால் கம்ப்யூட்டர் ஓடும்.

மறுநாளே மறுபடி உறையும். அதற்கும் சாமி காரணம் கண்டுபிடித்தார்.

"இந்தப் புள்ள பீச்சாங்கையால மவுஸப் புடிக்கா. இவ இருக்க மட்டும் இது உருப்படாது."

பில் போட ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பத்மாசனி இடதுகைக்காரி. ஆண்டாளைச் சேவிக்காமல் பஸ் ஏற மாட்டாள். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

"நாளையிலருந்து வர வேண்டாம்மா" என்றார் முதலாளி, சுவரைப் பார்த்து.

"சரி. இன்னிக்குச் சாமி ஓட்டறதப் பாத்துட்டுப் போறேன். அதுக்கு முன்னாடி சுவிட்சயெல்லாம் ஒட்டிடறேன். தோஷக் கை, தப்பித் தவறிப் பட்டுடப் போறது."

கம்பெனி பிளாஸ்திரியையே எடுத்துச் சுவர் சுவிட்சையும் பிளக்கையும் கம்ப்யூட்டர்ப் பொத்தான்களையும் ஒட்டினாள். மேலே முதலாளியைக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

"ஒட்டுனா சக்தி உள்ள போகாது" என்றார் சாமி.

"எங்க பிளாஸ்திரில காத்தே போகும் சாமி. சக்தி போகாதா?"

படுதா விழுந்தது. சாம்பிராணியில் எல்லோரும் இருமினோம். தேவநாதம் வரவில்லை.

கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டிய கேட் பாஸுக்காகக் காலையிலிருந்து காத்திருந்த லாரி டிரைவர் சோலைராஜ் எட்டிப் பார்த்தான். "எம்புட்டு நேரம் ஓட்டுவிய சாமி? பேயே தூங்கியிருக்கும்."

பத்மாசனி படுதாவை விலக்கினாள். சாமி நகத்தால் பிளாஸ்திரியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முதலாளியின் கையெழுத்தில் பாதி அவர் விரலில் ஒட்டியிருந்தது.

அவள் மீதியை உரித்தாள். இடது கையால் சுவிட்சை அணைத்துப் போட்டாள். செத்த நேரத்தில் தேவநாதம். கூட்டத்தின் கைகள் பழக்கத்தில் கன்னத்தை நோக்கி எழுந்து, பாதியில் நின்றன.

"கணக்கு அழியலியா?" என்றார் முதலாளி.

"சாமி தினம் இதைத்தானே பண்ணினார். அழிஞ்சுதா?"

பத்மாசனி அதே நாற்காலியில் தொடர்ந்தாள். சோலைராஜுக்கு அன்றைக்கே கேட் பாஸ் கிடைத்தது. பச்சைத் திரைகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. வண்ணக் கம்ப்யூட்டர் தொடர்ந்து உறைந்தது. சுப்புராஜ் தானே சுவிட்சை அணைத்துப் போடக் கற்றார், மேலிருந்த எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுக்கவில்லை. தவசிமுத்து வத்திராயிருப்பு பக்கம் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேய் ஓட்டப் போனார். கூட்டம் குறையவில்லை என்று கேள்வி. அங்கே போகிறவர்கள், கிளம்புமுன் பிளக் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.